பதினோராவது பெண்ணைக் காணோம்

கல்யாணம் கூடிவந்தால் கடவுள் செயல் என்பார்கள். கூடிவராவிட்டால், திருமணத் தகவல் நிலையத்தில் கம்ப்யூட்டர் தட்டுகிறவளின் செயல்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையின் மாடியில் இருந்த அப்படியொரு நிலையத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். எனக்கு வயது நாற்பத்து நான்கு, படிப்பு ஆறாம் வகுப்பு. வீட்டுக்காரர் முதுகு வலியால் லோரி ஓட்டுவதை விட்டிருந்தார். முதலாளி தனபாலன் ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் நாளே சொல்லிவிட்டார்: "மூணு மாசம் பாப்போம் தேவகி. சரிவரலன்னா ஸ்கூல்ல ஃபோர்ம் ஃபைவ் வரைக்கும் முடிச்ச பொண்ணு யாரையாவது போட்டுக்குவேன். கோவிச்சுக்கக் கூடாது."

கம்ப்யூட்டருக்குள் இருந்தது ஒரு பெரிய அட்டவணை. ஓர் ஆளுக்கு ஒரு வரி. அதை அமைத்துக் கொடுத்த யோகநாதன் பெட்டாலிங் ஜெயாவிலிருந்து வாரம் ஒருமுறை வருவார். சட்டங்களையும் அவரே போட்டிருந்தார்: இந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது, அந்த எண் இரண்டு முறை வரக் கூடாது. மீறினால் திரையில் சிவப்பாக ஒரு வரி எழும். ஆளை உள்ளே விடாது. சிவப்பு வரியோடு மல்லுக்கட்டிய அக்கா தங்கைகளே, அந்த மூன்று மாதமும் நான் எப்படிச் சாப்பிட்டேன், எப்படித் தூங்கினேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்று பெண்கள், ஒரு டெலிபோன்

ஒரே ஆளை இரண்டு முறை பதியக் கூடாது என்பதற்காக, ஒரு டெலிபோன் எண் ஒரே ஒரு தடவைதான் வரலாம் என்று யோகநாதன் சட்டம் வைத்திருந்தார். பெட்டாலிங் ஜெயாவில் வீட்டுக்கு ஒரு போன் இருக்கும். டெங்கில் ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் யார் வீட்டில் இருக்கிறது?

அங்கிருந்து ஒரு பெரியவர் வந்தார். மூன்று பெண்கள். மூத்தவளை கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டது. இரண்டாமவளுக்குச் சிவப்பு வரி. மூன்றாமவளுக்கும் அதே. "ஐயா, வேற போன் நம்பர் இருக்கா? ஒரு நம்பருக்கு ஒரு பொண்ணைத்தான் எடுக்குது" என்றேன்.

அவர் கொஞ்சமும் கோபப்படவில்லை. பையிலிருந்து வெற்றிலையை எடுத்தபடி சொன்னார்: "இதுவே மளிகைக் கடைக்காரர் போன்தாம்மா. எங்க லயத்து வீடுங்கள்ல பதினேழு பொண்ணுங்க இருக்கு. எல்லாத்துக்கும் சேத்து ஒரே மாப்பிள்ளையா பாத்துக் குடுப்பீங்களோ?"

அசுவினியில் பிறந்த ஊர்

டெலிபோன் சட்டத்தை எடுத்துவிட்டு, அடையாளக் கார்டில் உள்ள ஐசி எண்தான் ஒரு தடவைக்கு மேல் வரக் கூடாது என்று யோகநாதன் மாற்றினார். அதில் நிம்மதி. அடுத்த தொல்லை நட்சத்திரம். அந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது. இருபத்தேழு நட்சத்திரம் உள்ள பட்டியலிலிருந்து ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். 'தெரியாது' என்று ஒரு நட்சத்திரம் இல்லையே!

பூச்சோங்கிலிருந்து வந்த ஒருவரிடம் கேட்டேன். "அம்மா மழையில பொறந்தேன்னு சொன்னாங்க. மழைக்கு என்ன நட்சத்திரமோ அதைப் போடுங்கக்கா" என்றார். பின்னால் வரிசை நின்றது. பட்டியலில் முதலில் இருந்தது அசுவினி. அதையே போட்டேன், சிவப்பு வரி வரவில்லை. அன்றிலிருந்து நட்சத்திரம் தெரியாத எல்லோருக்கும் அசுவினிதான். தப்பு என்று தெரியும். ஆனால் ஒவ்வொரு சிவப்பு வரியும் அந்த ஃபோர்ம் ஃபைவ் பெண்ணை ஒரு படி மேலே ஏற்றிக்கொண்டு வருவதுபோல எனக்குத் தோன்றும்.

ஒரு நாள் பொருத்தம் பார்க்க முதலாளி பட்டியலை அச்செடுத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "ஏன் தேவகி, இந்தச் சிலாங்கூர் மாநிலத்துல மிச்ச இருபத்தாறு நட்சத்திரத்துலயும் ஆஸ்பத்திரியை மூடிட்டாங்களா?"

அசுவினி போட்ட அறுபத்து மூன்று வீடுகளுக்கும் நானே செய்தி அனுப்பி, கேட்டு, திருத்தினேன். தெரியாதவர்களுக்கென்று யோகநாதன் பட்டியலில் இருபத்தெட்டாவதாக ஒரு வரி சேர்த்தார். முதலாளி புதுப் பட்டியலை மறுபடியும் அச்செடுத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தார்.

போக மறுத்த மாப்பிள்ளை

கிள்ளானில் ஒரு மாப்பிள்ளை. யாருக்கும் சொல்லாமல் தன்னோடு வேலை செய்த பெண்ணைக் கட்டிக்கொண்டார். அவர் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்கப் போனேன். சிவப்பு வரி. யார் யாரைப் பெண் பார்க்கப் போனார்கள் என்று இன்னொரு அட்டவணை இருந்தது. அதில் இவர் பெயர் நான்கு இடத்தில் இருந்தது. அந்த நான்கும் இருக்கும்வரை இவரை அழிக்க முடியாது. அவற்றையும் அழிக்க முதலாளி ஒப்பவில்லை; பழைய விவரம் வேண்டும் என்றார். ஆகவே கல்யாணமான மாப்பிள்ளை பட்டியலில் சிரித்துக்கொண்டே நின்றார், பெண் வீட்டாரும் அவர் வீட்டுக்கு போன் அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

அவருடைய அம்மா நேரில் வந்துவிட்டார். கைப்பையை என் மேசைமேல் வைத்துச் சொன்னார்: "மருமக மாசமா இருக்கா. போனை எடுக்கறதே அவதான். இன்னும் ரெண்டு பேரு பொண்ணு குடுக்கறேன்னு அடிச்சா, எம் மவனை நீங்களே வச்சுக்க வேண்டியதுதான் லா!"

பதினோராவது இலை

அதன் பிறகு 'முடிந்தது' என்று ஒரு கட்டம் வந்தது. அதில் ஒரு குறி போட்டால் ஆளின் வரி அப்படியே இருக்கும், ஆனால் பட்டியலில் தெரியாது. நல்ல ஏற்பாடு. என்னைக் கிட்டத்தட்ட வீட்டுக்கு அனுப்பிய ஏற்பாடும் அதுதான்.

சனிக்கிழமைகளில் முதலாளி முன் அறையில் தன் கம்ப்யூட்டரில் பக்கத்துக்குப் பத்துப் பேராகப் பெண்களைக் காட்டுவார். பின் அறையில் என் கம்ப்யூட்டர். இரண்டையும் ஒரு கம்பி இணைத்திருந்தது. அன்று பெட்டாலிங் ஜெயாவிலிருந்து ஓர் அம்மா மகனுக்குப் பெண் பார்க்க வந்திருந்தார். கிள்ளானில் தொழிற்சாலை வேலை பார்த்த பரமேஸ்வரிக்கு வயது முப்பத்து மூன்று. நல்ல இடம் வருகிறது என்று முதலாளி சொன்னதால் அவளுடைய அம்மாவும் பஸ் ஏறி வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முதல் பக்கம் ஓடிக்கொண்டிருக்கும்போது எனக்கு ஒரு போன். அந்தப் பக்கத்தில் இருந்த ஒரு பெண்ணுக்கு நிச்சயமாகிவிட்டதாம். உடனே 'முடிந்தது' போட்டேன். முதலாளி அடுத்த பக்கம் போனார், அதற்கடுத்ததும் போனார். பரமேஸ்வரி எந்தப் பக்கத்திலும் இல்லை. பெட்டாலிங் ஜெயா அம்மா எழுந்து போய்விட்டார்.

"பரமேஸ்வரியை அழிச்சிட்டியா தேவகி? திங்கக்கிழமை பேசிக்கலாம்" என்றார் முதலாளி. மூன்று மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது. ஐசி எண்ணைத் தட்டிப் பார்த்தேன். பரமேஸ்வரி பத்திரமாக உள்ளே இருந்தாள், குறி எதுவும் இல்லாமல். இருக்கிறாள், ஆனால் பட்டியலில் வரவில்லை.

மறுநாள் கிள்ளானில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு முன்னால் இருந்த ஒருவரை யாரோ கூப்பிட, அவர் எழுந்து போனார். அவருக்குப் பின்னால் இருந்த எல்லோரும் இலையோடு ஓர் இடம் நகர்ந்தோம். பதினோராவதாக இருந்த நான் பத்தாவதானேன். முதல் பத்து இலைக்குப் பாயசம் போட்டவர் ஏற்கனவே போய்விட்டார். அடுத்தவர் பத்து இலையை எண்ணித் தாண்டி, பதினொன்றிலிருந்து ஆரம்பித்தார். எனக்குப் பாயசம் இல்லை. "பரமேஸ்வரி!" என்று கத்தி எழுந்துவிட்டேன். வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து இழுத்தார்.

திங்கட்கிழமை யோகநாதனையும் முதலாளியையும் உட்கார வைத்துச் செய்து காட்டினேன். முதல் பக்கத்தைத் திறந்தேன். பதினோராவதாக யார் என்று தாளில் எழுதினேன். முதல் பக்கத்தில் ஒருத்திக்கு 'முடிந்தது' போட்டேன். இரண்டாம் பக்கம். எழுதிய பெயர் காணோம்; அவள் பத்தாவதாகி, நாங்கள் தாண்டிவந்த முதல் பக்கத்துக்குள் போயிருந்தாள், சனிக்கிழமை பரமேஸ்வரி போன மாதிரியே.

"நீங்க பத்துப் பேரை எண்ணித் தாண்டுறீங்க தம்பி. எண்ணாதீங்க. கடைசியா யாரைக் காட்டினோம்னு ஞாபகம் வச்சு, அவருக்கு அடுத்த ஆளுலேர்ந்து ஆரம்பிங்க" என்றேன். யோகநாதன் தானும் ஒரு தடவை செய்து பார்த்தார். "கரெக்ட் லா அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு, மத்தியானத்துக்குள் அப்படியே மாற்றினார். பதிவு எண் வரிசையில் கடைசி எண்ணைப் பிடித்துக்கொண்டு போகிற மாதிரி. முதலாளி என் பக்கம் திரும்பினார். "இனிமே இவர் எதை மாத்தினாலும் நீ பாத்துச் சரின்னு சொல்லணும். வேலை உனக்குத்தான்."

பெட்டாலிங் ஜெயா அம்மாவுக்கு நானே போன் செய்தேன். அடுத்த சனிக்கிழமை இரண்டு வீட்டாரும் வந்தார்கள். மாப்பிள்ளையும் பரமேஸ்வரியும் அரை மணி நேரம் பேசினார்கள். பிறகு அவள் என் அறைக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு சொன்னாள்: "நல்லவராத்தான் இருக்காரு அக்கா. இருந்தாலும் ஆம்பளைங்க லிஸ்ட்ல அடுத்த பக்கத்தையும் ஒரு தடவை காட்டிடுங்களேன்."

கம்ப்யூட்டருக்கு எத்தனை சட்டம் வேண்டுமானாலும் போட்டுவிடலாம், கல்யாணம் கட்ட வருகிறவர்களுக்குத்தான் ஒன்றுகூடப் போட முடியாது.