ஆயுத பூஜையில் உட்கார்ந்த விண்வெளிப் பெட்டி

எழுபதுகளின் தொடக்கம். ஆராய்ச்சி மாணவர்களுக்கு விண்வெளி அறிவியலை அறிமுகப்படுத்தும் குறுகிய காலப் பயிற்சி வகுப்பு ஒன்று, கோவையில் ஒரு கல்லூரியில் நடந்தது. திருப்பூரிலிருந்து போன நான் அங்கே ஒரே பெண். கொட்டாவி விட்டால்கூட எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

கடைசிப் பாடமாக, இரண்டு குழுக்களாகப் பிரிந்து குழுவுக்கொரு பலூன் பறக்கவிட்டோம். அதில் தொங்கிய பெட்டிக்குள் விண்ணிலிருந்து வரும் கதிர்களைப் பதிவு செய்யும் பிலிம். பலூன் வெடித்ததும் பெட்டி பாராசூட்டில் இறங்கும். வெளிச்சம் பட்டால் பிலிம் பாழ். அதனால் 'திறக்காதீர்கள்' என்று பெட்டியில் ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தோம். தொலைபேசி எண் பாராசூட்டில் இருந்தது.

மாலையே திருப்பூர் மண்ணரையிலிருந்து ஒரு சலவைப் பட்டறைக்காரர் போன் செய்தார். எங்கள் குழுவின் பெட்டி அவர் பட்டறைப் பக்கம் விழுந்திருக்கிறதாம்.

"உங்க ஊர்தானே, காலையில போய் எடுத்துட்டு வாங்க. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள வரலைன்னா உங்க குழுவுக்குச் சான்றிதழ் இல்லை" என்றார் பேராசிரியர். 'ஆராய்ச்சியாவது மண்ணாவது' என்று மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிட்ட என் வீட்டாரிடம் காட்ட, எனக்கு அந்தக் காகிதம் அவசியம் வேண்டும்.

மறுநாள் ஆயுத பூஜை. பட்டறைக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். கழுவி வைத்த தொட்டிகள், தராசு, சைக்கிள் எல்லாவற்றுக்கும் நடுவில், சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, எங்கள் பெட்டி!

"அவசரமுங்க, பெட்டியைக் குடுங்க" என்றேன்.

"ஏனுங்க அம்மிணி, பூசையில வெச்சதை இன்னிக்கு எப்படிங்க எடுக்கறது? நாளைக்குக் காலையில தேங்காய் ஒடச்சுத் தர்றேனுங்க."

"அது உங்க கருவி இல்லீங்க!"

"யாருதா இருந்தா என்னுங்க? கருவிதானுங்களே!"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என்னைச் சமாதானப்படுத்தப் பாராசூட்டைக் கொண்டுவந்து காட்டினார். சேறாக இருந்ததாம். போன் செய்த கையோடு வெளுத்து, நீலம் போட்டு, இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்தார். எங்கள் தொலைபேசி எண் இருந்த சுவடே இல்லை. பொரியும் சுண்டலும் கொடுத்தார். கோபத்தோடுதான் தின்றேன், மிச்சம் வைக்கவில்லை.

மறுநாள் காலை பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மாலையைக் கழற்ற அவர் விடவில்லை. கண்டக்டர் பெட்டியைக் கும்பிட்டுவிட்டுத்தான் எனக்கு டிக்கெட் கிழித்தார்.

பேராசிரியர் கடுகடுவென்று உட்கார்ந்திருந்தார். அவர் மேசையில் தாராபுரம் பக்கம் விழுந்த இன்னொரு குழுவின் பெட்டி. உள்ளே ரேடியோ இருக்குமோ என்று ஊரே கூடித் திறந்து பார்த்துவிட்டதாம். பிலிம் போயே போய்விட்டது. எங்கள் பெட்டியை வாங்கிக்கொண்டு இருட்டறைக்குள் போனவர், வெளியே வரும்போது சிரித்துக்கொண்டே வந்தார். பூஜையில் இருந்த பெட்டியைத் திறக்க யாரும் துணியவே இல்லை. மொத்த வகுப்புக்கும் எங்கள் பிலிம்தான் பாடமானது. கெடு தாண்டியும் எனக்குக் கிடைத்த சான்றிதழின் ஓரத்தில், கையெழுத்துப் போட்டவர் விரலிலிருந்து ஒட்டிய சந்தனம் இன்னும் இருக்கிறது. மாப்பிள்ளைப் பேச்சு கொஞ்ச காலம் தள்ளிப்போனது.

பிறகு நான் பறக்கவிட்ட ஒவ்வொரு பெட்டியிலும், 'திறக்காதீர்கள்' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு சந்தனப் பொட்டும் வைத்தேன். மாணவர்கள் கேட்டால் பாதுகாப்பு ஏற்பாடு என்பேன். நான் எழுதியதை மதிக்க ஆளில்லாத இடத்திலும் அந்தப் பொட்டை மதிக்க யாராவது இருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும்.