முடிச்சுப் போட்ட சோறு

எங்கள் தெருவில் யாரும் சோற்றைச் சாக்கடையில் கொட்ட மாட்டோம். அதில் எங்களுக்கு ஏகப்பட்ட பெருமை. மழையை நம்பி விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். ஒரு பருக்கை காலில் பட்டாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். ஆகவே மிஞ்சின சோறு, காய்ந்த தோசை, ஊசிப்போகிற நிலையில் இருக்கும் குழம்பு எல்லாவற்றையும் ஒரு கேரிபேக்கில் போடுவோம். மண் படக்கூடாது, எறும்பு ஏறக்கூடாது என்று வாயை இறுக்கி இரண்டு முடிச்சுப் போடுவோம். தெருமுனை டிரான்ஸ்பார்மர் அடியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவோம். ஆடு மாடு தின்னட்டும் என்று. வாயில்லா ஜீவனுக்குச் சோறு போட்ட புண்ணியம் வேறு.

அந்த முடிச்சை ஆடு எப்படி அவிழ்க்கும் என்று இத்தனை வருஷத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை. மற்றவர்களைத் திட்டுமுன் இதைச் சொல்லிவிட வேண்டும்.

தெருவுக்குப் பின்னால் சீமைக்கருவேல மரங்களை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. அதில் திருச்சுழிப் பக்கமிருந்து பிழைக்க வந்த ஒரு பெண் தன் மகளோடு இருக்கிறாள். புருஷன் இல்லை. இரண்டு வெள்ளாடுகளும் அவை போடும் குட்டிகளும்தான் அப்போது அவளுக்கு வரும்படி. காலையில் அவிழ்த்துவிட்டால் ஆடுகள் காய்ந்து உதிர்ந்த கருவேல நெத்தைப் பொறுக்கித் தின்னும். நெத்து இல்லாத மாதங்களில் நேரே டிரான்ஸ்பார்மருக்கு வந்துவிடும்.

போன கோடையில் ஒரு காலை அவள் என் வாசலில் வந்து நின்றாள். "அக்கா, பெரிய ஆடு ரெண்டு நாளா அசை போடலக்கா. சுக்கு குடுத்தேன், நல்லெண்ணெ குடுத்தேன், ஒண்ணும் கேக்கல. வகுறு கல்லு மாதிரி இருக்கு." ஆடு நிறைசினை. லோடு ஆட்டோ பிடித்துக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். மத்தியானத்துக்குள் ஆடு அங்கேயே செத்துப்போனது.

காரணம் பார்க்க அறுத்தார்கள். உள்ளே இரண்டு குட்டிகள். இரைப்பையிலிருந்து உரித்த தேங்காய் அளவுக்கு ஓர் உருண்டை வந்தது. டாக்டர் அதைக் குழாயடியில் போட்டுக் கழுவிப் பிரித்தார். எல்லாம் கவர். கறுப்பு, வெள்ளை, நீலம். முடிச்சுகள் பல அப்படியே இருந்தன.

"இந்த முடிச்சப் போட்டது ஆடு இல்லம்மா" என்றார் டாக்டர்.

அதில் ஒரு மஞ்சள் கவர் இருந்தது. என் மகளின் காதுகுத்துக்கு வந்தவர்களுக்குத் தேங்காய் பழம் போட்டுக் கொடுக்க நான் அச்சடித்த கவர். 'வருகைக்கு நன்றி' என்ற எழுத்து பாதி அழிந்தும் அழியாமலும் தெரிந்தது. என் வீட்டிலிருந்து போனதோ, வேறு வீட்டிலிருந்து போனதோ, எனக்குத் தெரியாது. அச்சடித்தது நான். அவளும் அந்தக் கவரைப் பார்த்தாள்.

மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து, "அழுகையெல்லாம் எனக்கு எதுக்குக்கா?" என்றாள். "மிச்சம் இருக்கது ஒத்த ஆடு. இப்பத்தான் சினை புடிச்சிருக்கு. கட்டிப்போட்டு வளக்கத் தீவனத்துக்கு நான் எங்க போவேன்? இந்த ஒண்ணையாவது தப்பிக்க விடுங்க."

அந்த ஒன்றைத் தப்பிக்க வைப்பதற்காக வீடு வீடாக ஏறினேன். 'சோற்றைக் கட்டாதீர்கள், தரையிலாவது கொட்டுங்கள்.' இவ்வளவுதான் நான் கேட்டது. இமயமலையைத் தூக்கி இந்தப் பக்கம் வைக்கச் சொல்லவில்லை.

குவைத்திலிருந்து லீவில் வந்திருந்த ஒருவர், "அங்கிட்டெல்லாம் ரோட்டுல ஒரு காயிதம் கிடக்காது, தெரியும்ல? நம்ம ஊரு திருந்தவே திருந்தாது" என்று அரைமணி நேரம் எனக்கே வகுப்பெடுத்தார். பேசிக்கொண்டே முந்தினநாள் பிரியாணியைக் கவரில் போட்டு முடிச்சும் போட்டார். மாடி வீட்டு மதினி இன்னும் ஒரு படி மேலே. "ஏத்தா, சோத்த மண்ணுல கொட்டச் சொல்றியா? லச்சுமி இருப்பாளா வீட்டுல? ஆடு வளக்குறவ ஆட்டக் கட்டிப்போடட்டும்." செத்த ஆட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒரு கல்யாண மண்டபத்தில் நெகிழி ஒழிப்புக் கூட்டம் என்றார்கள். சரி, நம் ஆட்கள் இருப்பார்கள் என்று போனேன். எல்லோரும் கையை நீட்டி உறுதிமொழி எடுத்தோம். முடிந்ததும் ஆளுக்கொரு புளியோதரைப் பொட்டலம். பிளாஸ்டிக் தாளில் மடித்து, கேரிபேக்கில் போட்டு. நான் அதை மேடையிலேயே வைத்துவிட்டு வந்தேன். பின்னாலேயே ஓடிவந்த ஒருவர், "அம்மா, சாப்பாட்ட மறந்துட்டீக" என்று என் கையில் திணித்தார்.

கடைசியில் மாட்டுக்குக் கழனி ஊற்றுகிற சிமெண்டுத் தொட்டி ஒன்று வாங்கி டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் வைத்தேன். மண்ணும் படாது, லட்சுமிக்கும் கோபம் வராது. மறுநாள் காலை எட்டிப் பார்த்தேன். தொட்டிக்குள் எட்டுக் கவர். எட்டும் முடிச்சோடு. தலையில் அடித்துக்கொண்டு சிரித்தேன், வேறென்ன செய்ய?

பிறகு யாரிடமும் போய்க் கேட்கவில்லை. தினமும் விடிந்ததும், அவள் ஆட்டை அவிழ்த்துவிடுமுன், நானே போய் ஒவ்வொரு கவராக அவிழ்த்துச் சோற்றைத் தொட்டியில் கொட்டினேன். கவரைச் சாக்கில் திணித்துத் துப்புரவு வண்டியில் கொடுத்தேன். சோற்றோடு கோழி எலும்பும் குழந்தை நாப்கினும் சேர்ந்து வரும். கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினாலும் காப்பி டம்ளரில் அந்த நாற்றம் அடிக்கும். டீக்கடை பெஞ்சில் இருப்பவர்கள், "ஏலே, முடிச்சவுக்கி வந்துட்டாக" என்று சிரிப்பார்கள். திருடனைத் திட்டுகிற வார்த்தை. கேட்கிறபோது உடம்பு பற்றிக்கொண்டு வரும். ஆனால் அந்த ஆட்டின் சினை வயிறு நாளுக்கு நாள் பெருத்து இறங்கிக்கொண்டு வந்தது. அது அசை போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டால் எனக்கு அன்றைக்குப் போதும்.

ஆவணியில் காரியாபட்டியில் ஒரு கல்யாணம். நெருங்கிய சொந்தம். மூன்று நாள் போகாமல் முடியாது. எதிர்வீட்டில் சொன்னேன், பக்கத்து வீட்டில் சொன்னேன், மாடி வீட்டு மதினியிடமும் சொன்னேன். "இதென்ன பெரிய வேலையா? நாங்க பாத்துக்கிடுறோம், நீ போயிட்டு வா" என்றார்கள்.

திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் தொட்டியைத்தான் பார்த்தேன். நிரம்பி வழிந்து கிடந்தது. ஒரு முடிச்சுகூட அவிழவில்லை. ஆட்டைக் காணோம். கையில் பையோடு அப்படியே தகரக் கொட்டகைக்கு ஓடினேன்.

அவள் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே, "சாகலக்கா" என்றாள். "சந்தையில வித்துட்டேன்."

"சினை ஆட்டையா?"

"நீங்க போன ரெண்டாம் நாளு அது வாயிக்குள்ள கைய விட்டுக் கவரப் புடுங்கி எடுத்தேன். பாதி உள்ள போயிருச்சு. கண்ணு முன்னால இன்னொண்ணு சாகுறதப் பாக்க எனக்குத் தெம்பு இல்லக்கா. உங்க ஒரு ஆளு கைய நம்பி நான் எத்தன நாளைக்கு ஆடு வளக்க முடியும்?"

திங்கட்கிழமையிலிருந்து நூல் மில்லுக்குப் போகப்போவதாகச் சொன்னாள். வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகுமாம். தனக்குப் பஞ்சுத் தூசி ஒத்துக்கொள்ளாது என்றும் சொன்னாள்.

கல்யாணக் களைப்பில் இரண்டு நாள் நான் தொட்டிப் பக்கம் போகவில்லை. நாற்றம் தெருவைத் தூக்கியது. மூன்றாம் நாள் மாடி வீட்டு மதினி கையில் கவரோடு, சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னை மறித்தார்.

"ஏத்தா, முன்னெல்லாம் அந்தப் பிள்ள ஆடு வந்து சுத்தமாத் தின்னுட்டுப் போயிரும். இப்ப என்ன, ஆட்டயே காணோம்? சோறு பூராம் வீணாப் போகுது. நீ சொன்னா அவ கேப்பா. அனுப்பச் சொல்லேன்."

"ஒண்ணு நீங்க கட்டுனதத் தின்னு செத்துப்போச்சு. இன்னொண்ணு சாகுறதுக்கு முந்தி வித்துட்டா" என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "இனிமே அத நீங்கதான் திங்கணும்."

அவர் முகம் கறுத்துவிட்டது. கையிலிருந்த கவரை முடிச்சோடு தொட்டிக்குள் போட்டுவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.