கம்பெனியைத் திட்டவும் கம்பெனி ஆப்

போனிலேயே செய்தி எடுத்து, போனிலேயே வெட்டி ஒட்டி, போனிலேயே பரப்பிப் பிழைக்கிறவனுக்குத் தன் முதலாளி யாரென்று சொல்வது கஷ்டம்; என்னைப் போலத் திண்டாடும் உள்ளூர் நிருபர்களுக்கு இது நன்றாகவே தெரியும். நான் வேலை பார்த்த மாலைப் பத்திரிகை திருவண்ணாமலை அலுவலகத்தை மூடிவிட்டது. அதன்பிறகு ஒரு மெசேஜ் ஆப்பில் ஊர்ச் செய்தி குரூப்புகளும், அதே கம்பெனியின் இன்னொரு தளத்தில் வீடியோ பக்கமும் நடத்த ஆரம்பித்தேன்.

ஏழுமலை வீட்டில்

ஏழுமலைக்குக் கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு கிராமம். மொபெட்டில் பிளாஸ்டிக் குடங்களைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக விற்பவர். பௌர்ணமிக்கு முந்தின நாள், அடி அண்ணாமலையில் வெயில் தாங்காமல் ஒரு பள்ளிக்கூட மதிலோரம் வண்டியை நிறுத்தி உட்கார்ந்திருந்தார். யாரோ அவரைப் படம் எடுத்து, பிள்ளை பிடிக்கிறவன் என்று எழுதி அதே ஆப்பில் அனுப்பிவிட்டார்கள். அவர் அடுத்த தெருவுக்குப் போவதற்குள் படம் போய்ச் சேர்ந்துவிட்டது. கூட்டம் அடித்ததில் இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. ஒரு காது கேட்காமல் போனது.

கம்பெனியின் புகார் ஃபார்மை நிரப்பி அனுப்பினேன். உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்று உடனே ஒரு பதில் வந்தது, அப்புறம் ஒன்றுமில்லை. ஏழுமலையைப் பார்க்கப் போனபோது காலில் கட்டோடு தூங்கிக்கொண்டிருந்தார். கம்பெனியைச் சும்மா விடமாட்டேன், வீடியோ போட்டுக் கிழிக்கிறேன் என்று அவர் மனைவி காசியம்மாளிடம் சொன்னேன். எதில் போடுவீங்க என்று கேட்டார். அதே கம்பெனியின் தளத்தில்தான் என்றேன்.

"அவங்க கடையில நின்னுக்கிட்டே அவங்கள திட்டுவீங்களா சார்? விடுவாங்களா?"

விட்டார்கள்

விட்டார்கள், அதுதான் விபரீதம். என் பக்கத்தில் அதுவரை எந்த வீடியோவும் அப்படி ஓடியதில்லை. கம்பெனியை நான் கேள்வி கேட்கும்போதே நடுவில் சோப்பு விளம்பரம் வந்தது. கூசினாலும், இத்தனை பேர் பார்க்கிறார்களே என்று உள்ளுக்குள் சந்தோஷமும் இருந்தது, மறைப்பானேன்.

வதந்தியை விளக்குவதற்காக அந்தப் படத்தின்மேல் 'பொய்' என்று சிவப்பில் எழுதிக் காட்டியிருந்தேன். யாரோ அந்தச் சிவப்பை அழித்துவிட்டுப் படத்தை மட்டும் மறுபடி சுற்றவிட்டார்கள். கால் கூடி முதல்முறையாக வெளியே கிளம்பிய ஏழுமலையைப் போளூர் பஸ்ஸில் அடையாளம் கண்டு கீழே இறக்கினார்கள். கண்டக்டர் குறுக்கே நின்றதால் அடி விழவில்லை. வீடியோவை நீக்கிவிட்டு மன்னிப்புக் கேட்கப் போனேன். நல்ல காதுப் பக்கமாக உட்காரச் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை. குரலை உயர்த்தவே இல்லை.

"நீங்க நல்லதுக்குத்தான் போட்டீங்க சார். ஆனா ஒரு ஊருக்குத் தெரிஞ்ச மூஞ்சிய ஜில்லா முழுக்கத் தெரிய வச்சிட்டீங்க."

பயிற்சி வகுப்பு

அடுத்த மாதம் வேங்கிக்காலில் ஓர் ஓட்டலில், பொய்ச் செய்தியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று நிருபர்களுக்கு வகுப்பு. கம்பெனி செலவு, பை, சாப்பாடு, சான்றிதழ். போகக்கூடாது என்றுதான் இருந்தேன். கம்பெனி ஆளை நேரில் பிடிக்கலாமே என்று போனேன். வகுப்பெடுக்கச் சென்னையிலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். நான் எழுந்து ஏழுமலைக்கு நடந்ததையும் என் புகார் போன கதியையும் சொல்லி, அந்தப் படத்தை நிறுத்த யாரிடம் பேசவேண்டும் என்று கேட்டேன். மேலே தெரிவிக்கிறேன் என்று சொல்லி அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார். மற்ற நிருபர்கள் என் பக்கம் திரும்பவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு கை கழுவும் இடத்தில் அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து, குழாயைப் பார்த்தபடியே பேசினார்.

"நான் கான்ட்ராக்ட்ல வகுப்பெடுக்கிறேன் சார். புகார் சொல்லணும்னா நீங்க நிரப்பின அதே ஃபார்மைத்தான் நானும் நிரப்பணும்."

குரூப்பை மூடினேன்

சான்றிதழை வாங்காமல் வந்து எல்லாக் குரூப்பையும் மூடினேன். செய்தியை நோட்டீஸாக அடித்துப் பஸ் ஸ்டாண்டில் ஒட்டினேன். பத்துப் பேர் நின்று படித்தார்கள். மனசுக்குச் சுத்தமாக இருந்தது.

அப்படியிருக்கையில், ஆந்திராவிலிருந்து வந்த ஓர் அம்மாள் கிரிவலப் பாதையில் தன்னோடு வந்தவர்களைத் தவறவிட்டிருக்கிறார். அழுதுகொண்டிருந்த ஒரு குழந்தைக்கு பிஸ்கட் கொடுத்திருக்கிறார். மறுபடியும் ஒரு படம், மறுபடியும் அதே வார்த்தை. முன்பானால் அது எனக்குத்தான் முதலில் வரும். விசாரித்து, பொய் என்று போட்டுவிடுவேன். இப்போது எனக்கு வர வழியில்லை. அந்த அம்மாளுக்குத் தமிழில் விளக்கம் சொல்லத் தெரியவில்லை. கூட்டம் அடித்ததில் தலையில் அடிபட்டு, மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோனார். பிணவறை வாசலில் எனக்குப் பழக்கமான ஏட்டு நின்றிருந்தார். நான் ஏன் மூடினேன் என்று அவரிடம் விளக்க ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்தினார்.

"நீங்க சொல்றது எல்லாம் நியாயம்தான் சார். ஆனா உங்க குரூப்பப் பார்த்துத்தான் நாங்களே ஸ்டேஷன்லருந்து கிளம்புவோம்."

குரூப்புகளை மறுபடி திறந்துவிட்டேன். இப்போதெல்லாம் கம்பெனியின் அத்தனை விதிமுறைகளுக்கும் சம்மதம் என்று அழுத்திவிட்டுத்தான், அந்தக் கம்பெனியை எதிர்த்துப் பேசவே உட்காருகிறேன்.