மொம்பாஸாவில் மாமா இறந்த நாள்

என் தாய்மாமா கொலை செய்யப்பட்டார் என்பது எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில்கூடப் பேசக்கூடிய விஷயமாக இருந்தது. யார் கொன்றார் என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தாராவியில் எங்கள் பத்துக்குப் பத்து அறையின் சுவரில் மாமாவின் படம் மாலையோடு தொங்கியது. அதன் கீழே உட்கார்ந்து சோறு தின்றோம், பாடம் படித்தோம், தூங்கினோம். நான் பிறப்பதற்குச் சில வருடங்கள் முன்பே அவர் போய்விட்டார். எனக்கு அவர் சாயம் போன ஒரு சட்டை, நடுவகிடு எடுத்த தலை, அவ்வளவுதான்.

மாமாவுக்குத் தோல் தரம் பிரிக்கும் வேலை. விரலால் தடவியே இது முதல் தரம், இது இரண்டாம் தரம் என்று சொல்லிவிடுவாராம். அந்தக் கைக்காகவே மொம்பாஸாவில் தோல் கிடங்கு வைத்திருந்த ஒரு குஜராத்தி முதலாளி அவரைக் கூப்பிட்டுக்கொண்டார். கூடவே மாமாவின் நண்பரும் போனார். ஒரே அறை, ஒரே அடுப்பு. அந்த நண்பருக்குத்தான் மாமாவின் தங்கையை, அதாவது என் பெரியம்மாவை, பேசி முடித்திருந்தார்கள்.

கல்யாணத்துக்காக நண்பர் முதலில் கப்பலேறினார். மாமா அடுத்த கப்பலில் வருவதாக ஏற்பாடு. நண்பர் இன்னும் நடுக்கடலில் இருக்கும்போதே தந்தி வந்தது. அதற்குப் பின்னால் முதலாளியின் கடிதம், ஆங்கிலத்தில் டைப் அடித்து, விமானத் தபாலில். கப்பல் புறப்படுவதற்கு முந்தின மாலை நண்பர்கள் இருவருக்கும் சண்டை. உங்கள் பிள்ளை மாடிப்படியிலிருந்து தள்ளப்பட்டு இறந்தார். எங்களுக்கு விவரம் தெரிவதற்குள் அந்த ஆள் கப்பலேறிவிட்டார். காரியங்களை நாங்களே முடித்துவிட்டோம். இதுதான் அதில் இருந்தது.

நண்பர் துறைமுகத்தில் இறங்கி, ஒன்றும் தெரியாமல், நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். என் அம்மாவின் அப்பா அவரை வாசலிலேயே அறைந்தார். கல்யாணம் நின்றது. அவர் பிறகு வேறு பெண்ணைக் கட்டி விக்ரோலிக்குக் குடிபோனார். பெரியம்மா யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. சயானில் ஒரு பள்ளியில் டீச்சராக இருந்து ஓய்வுபெற்றார். எண்பது தாண்டிவிட்டது. செம்பூரில் என்னோடுதான் இருக்கிறார்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் டெலிபோன் ஆபரேட்டர். காட்கோபரில் வேலை. குஜராத்தி பேசவும் படிக்கவும் அங்கேதான் பழகினேன். முகம் தெரியாத குரல்களோடே காலம் போனதால், பொய் சொல்லப்போகிறவர்கள் வாயைத் திறக்கும் முன் ஒரு சின்ன மூச்சை இழுப்பது எனக்குக் கேட்டுவிடும். வேறு பெரிய திறமை எதுவும் எனக்குக் கிடையாது.

சில வருடங்களுக்கு முன் என் மருமகனுக்கு மொம்பாஸாவுக்கு மாற்றல் வந்தது. மகள் போனில்தான் அந்தப் பெயரைச் சொன்னாள். மொம்பாஸா என்பது எங்கள் வீட்டில் ஒரு சாவின் பெயர். அங்கே வெயில் அடிக்கும், பால்காரர் வருவார், என் மகள் அங்கே வீடு பார்ப்பாள் என்பதெல்லாம் என் மனதில் பொருந்தவே இல்லை. “ரெண்டு மாசம் வந்து இரும்மா” என்றாள். சரி என்றேன்.

பயணத்துக்குத் துணி எடுக்கும்போது, அம்மாவின் டிரங்குப் பெட்டியில் அந்தக் கடிதம் கையில் பட்டது. உட்கார்ந்து மெதுவாகப் படித்தேன். சண்டை, மாடிப்படி, கப்பல் எல்லாம் இருந்தது. இறந்த நாள் எது என்பது மட்டும் இல்லை. தந்தியிலும் இல்லை. வருடாவருடம் நாங்கள் திதி கொடுத்ததே தந்தி வந்த நாளை வைத்துத்தான். இத்தனை விவரம் எழுதியவர் நாளை மட்டும் ஏன் விட்டார்? அந்தத் தாளிலிருந்து ஒரு சின்ன மூச்சு இழுக்கும் சத்தம் எனக்குக் கேட்டது.

மறுநாள் விக்ரோலிக்குப் போனேன். முகவரி எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒரு வீட்டுக்குப் போகாமல் இருப்பதற்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா. நண்பர் இறந்து பல வருடம் ஆகியிருந்தது. அவருடைய மகள் கதவைத் திறந்தாள். ஐம்பது வயதிருக்கும். நான் யார் என்று சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “உள்ள வாங்க அக்கா” என்றாள்.

“அப்பா ஆப்பிரிக்கா பத்திப் பேசவே மாட்டாரு. யாராவது பேச்சு எடுத்தா ஏக்தம் எந்திரிச்சு வெளிய போயிருவாரு” என்றாள். “ஆனா அவரு எதையும் ஃபேங்க மாட்டாரு, தூக்கிப்போட மனசு வராது. எல்லாம் ஒரு பையில கிடக்கு.”

“அவரோட பழைய பாஸ்போர்ட் இருக்குமா?”

எடுத்து வந்தாள். மொம்பாஸாவிலிருந்து கிளம்பிய முத்திரை மங்கலாக, ஆனால் நாள் தெரியும்படி இருந்தது. குறித்துக்கொண்டேன். பையில் வேறு என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. தேவையானதை மட்டும் கேட்டு இணைப்பைத் துண்டித்துப் பழகிய ஆள் நான்.

மொம்பாஸாவில் முதல் ஒரு வாரம் நான் தூக்கத்தில் நடப்பவள் போலத்தான் நடந்தேன். பழைய ஊரின் சந்துகள் பம்பாய் நாக்தேவி பக்கத்துச் சந்துகளைப் போலவே இருந்தன. மர பால்கனிகள், கீழே மசாலாக் கடை, எங்கிருந்தோ ஒரு இந்திப் பாட்டு. திரும்பினால் முகமது அலி ரோடு வந்துவிடும் என்று நினைத்துத் திரும்புவேன்; கடல் வந்து நிற்கும். வெளிச்சம் எல்லாவற்றின்மேலும் பால் ஊற்றியது போல் கிடந்தது. வெளிர்நிறச் சட்டை போட்ட மெலிந்த ஆள் யாராவது முன்னே போனால் என் கால் தானாக வேகம் எடுக்கும். அவர் திரும்பிப் பார்த்தால் வேறு யாரோ. எனக்கு அறுபது வயது, மாமாவுக்கு இருபத்தாறு. நான் தேடியது என் பிள்ளை வயதுக்கும் குறைந்த ஒருவரை என்பது அங்கே போன பிறகுதான் உறைத்தது.

இந்துக்களின் எரியூட்டு மைதானத்தில் பழைய பதிவேடுகள் இருந்தன. அதைப் பார்த்துக்கொண்ட பெரியவர், “மதராஸியா? அந்தக் காலத்திலா? அப்படி ரொம்பப் பேர் இருக்க மாட்டார்கள் பெஹன்” என்று குஜராத்தியில் சொல்லி, மூன்று நோட்டுகளை என் முன்னால் வைத்துவிட்டுப் போனார். மின்விசிறி சுற்றியது. பூச்சி அரித்த பக்கங்களில் குஜராத்தி எழுத்துகள் எறும்பு போல ஊர்ந்தன. இரண்டாவது நோட்டில் மாமா இருந்தார். பெயர் பாதி தப்பாக எழுதப்பட்டிருந்தது. ஊர், பம்பாய். காரணம், படியில் விழுந்து தலையில் அடி. இன்று காலை இறந்தார், இன்று மாலை எரியூட்டப்பட்டது.

நாளைப் பார்த்தேன். கைப்பையிலிருந்து என் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். கப்பல் கிளம்பி நான்கு நாள் கழித்து.

இரண்டு நாட்களையும் மறுபடி ஒப்பிட்டுப் பார்த்தேன். மாமா செத்த காலையில் அந்த நண்பர் நடுக்கடலில் இருந்திருக்கிறார். கல்யாணத்துக்கு வாங்கிய துணிகளோடு, எங்கள் வீட்டை நோக்கி வந்துகொண்டிருந்திருக்கிறார்.

அப்படியானால் தள்ளியது யார்? கிடங்கு இருந்த தெருவை மகளும் நானும் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தோம். முதலாளி குடும்பம் எப்போதோ எல்லாவற்றையும் விற்றுவிட்டு வேறு நாட்டுக்குப் போய்விட்டது. கிடங்கில் இப்போது மெத்தை விற்கிறார்கள். பக்கவாட்டில் ஓடும் கல் படி மட்டும் அப்படியே இருந்தது. எதிர்வீட்டு மாடி ஜன்னலில் ஒரு அம்மாள் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுபது தாண்டியிருக்கும். குஜராத்தியில் வணக்கம் சொன்னேன். மேலே வரச் சொன்னார்.

பிறந்ததிலிருந்து அதே வீடு. எதிரே வேலை செய்த பம்பாய் மதராஸி ஒருவரை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் கையை முன்னால் நீட்டினார். விரல்களை மடக்கி எண்ணத் தொடங்கினார்.

“ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, ஏளு, எட்டு, ஒம்பது, பத்து.”

என் மகள் என்னைப் பார்த்தாள். எண்ணியது தமிழில். அந்த ‘ஏளு’ எங்கள் ஊர் ஏழு. எங்கள் தாராவிச் சந்தின் ஏழு. ஒரு குஜராத்திக் கிழவியின் வாயில் அது அறுபது வருடம் பத்திரமாக இருந்திருக்கிறது.

“அவர் சொல்லிக்கொடுத்தார்” என்றார் அந்த அம்மாள். “எனக்கு அப்போது பதினொரு வயது. கூட இருந்தவர் கப்பலேறிப் போன பிறகு இவருக்குப் பேச்சுத்துணை இல்லை. சாயங்காலம் அந்தப் படியில் உட்காருவார். நான் ஜன்னலில் இருப்பேன். மூன்று நாளில் பத்து வரைக்கும் படித்தேன்.”

“நாலாவது நாள்?”

அவர் மூச்சு இழுக்கவில்லை. தண்ணீர் ஊற்றுவது போல நிதானமாகச் சொன்னார். காலையில் முதலாளியின் தம்பியும் அவரும் படியின் உச்சியில் நின்று சத்தமாகப் பேசினார்கள். கெட்டுப்போன தோலை நல்ல தோல் என்று முத்திரை போடச் சொல்லி, பல நாளாகவே தகராறு. தம்பி அவருடைய நெஞ்சில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினான். ஒரே ஒருமுறை. விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. தம்பிக்காரன் படியிலேயே உட்கார்ந்து அழுதான். அண்ணன் வந்து அவனை உள்ளே இழுத்துப் போனார். ஒரு போலீஸ்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

“நான் பார்த்ததை அப்பாவிடம் சொன்னேன். நீ எதையும் பார்க்கவில்லை என்றார். அதற்குப் பிறகு நீங்கள்தான் வந்து கேட்கிறீர்கள்.”

தள்ளியவனும் இங்கே இல்லை, மறைத்தவரும் இங்கே இல்லை. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல், இறங்கும்போது அந்தக் கல் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். வெயில் இதமாக இருந்தது. தூங்கிவிடலாம் போல இருந்தது.

செம்பூர் திரும்பிய மறுநாள் காலை, பெரியம்மா பால்கனியில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உரிப்பதை நிறுத்தவில்லை. எல்லாம் முடிந்த பிறகு கேட்டார்.

“அந்தத் தம்பிக்காரன் அழுதானா?”

“அழுதானாம் பெரியம்மா.”

“ம்” என்றார். பிறகு, “உனக்கு ஒண்ணு தெரியாது மக்கா. உங்கம்மைக்கும் தெரியாது. அவுக ரெண்டாந்தடவையும் வந்தாவ.”

நண்பரைத்தான் சொல்கிறார் என்று புரிய எனக்கு ஒரு நிமிடம் ஆனது.

“அப்பா அடிச்சு ஒரு பதினஞ்சு நாள் இருக்கும். வீட்ல நான் மட்டுந்தான் இருந்தேன். ஒரு கடுதாசி காட்டணும், ஒரே ஒரு கடுதாசி, பாத்துட்டுக் குடுத்திருன்னாவ. நான் கதவைச் சாத்திட்டேன். என்ன கடுதாசின்னு கேக்கக்கூட இல்ல.” பட்டாணித் தோலை ஒரு பக்கமாகக் கூட்டினார். “நாளைக்கு என்னை அங்க கூட்டிட்டுப் போறியா?”

ஆட்டோவில் போனோம். நண்பரின் மகள் பெரியம்மாவை யார் என்று கேட்கவில்லை, பார்த்ததுமே தெரிந்துகொண்டாள். கட்டிலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். மொம்பாஸாவில் தெரிந்ததை அவளுக்கு நான் சொன்னேன். அப்பா குற்றமற்றவர் என்று கேட்டதும் அவள் முகத்தில் பெரிதாக எதுவும் மாறவில்லை. “அது எனக்குத் தெரியும் அக்கா” என்றாள். “ஆனா உங்க வாயால கேக்க அப்பா இல்ல.”

இந்த முறை பையைக் கேட்டேன். அவள் முழுவதையும் கட்டில்மேல் கொட்டினாள். ரசீதுகள், சான்றிதழ்கள், நண்பரின் பம்பாய் முகவரிக்கு வந்த ஒரு நீல நிற ஏர் லெட்டர். மடிப்புகள் கிழிந்து ஒட்டப்பட்டிருந்தன. தமிழில் எழுதியது.

“எனக்குத் தமிழ் படிக்க வராது. ஹிந்தி மீடியம்தானே” என்றாள். “அம்மாவுக்கும் வராது. அப்பா அடிக்கடி எடுத்து வச்சுப் பாப்பாரு. ஏதோ பழைய கடுதாசின்னு விட்டுட்டேன்.”

பெரியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். எழுத்தைப் பார்த்ததும் தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். அண்ணன் எழுத்து. டீச்சரின் குரலில், ஒவ்வொரு சொல்லாக, படித்தார்.

“நீ கப்பலேறி இன்றோடு இரண்டு நாள். அறை வெறிச்சென்று கிடக்கிறது. சின்ன முதலாளி மறுபடியும் அதே தோலைக் கொண்டுவந்தார். என் கையால் முத்திரை போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கோபத்தில் இருக்கிறார், ஆறிவிடும். வீட்டில் இதைச் சொல்லாதே. தங்கச்சி முன்கோபக்காரி, நீதான் அனுசரித்துப் போகணும். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள், இரண்டு நாள் விட்டுவிடு, தானாக வந்து பேசுவாள்.”

அங்கே நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் மாட்டிக்கொண்டார். மிச்சம் இருந்த நான்கு வரியையும் படித்து முடித்தார். பிறகு அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்கப்பாட்டச் சொல்ல வேண்டியது. அவுக இல்ல, உன்கிட்டச் சொல்லுதேன். நான் கதவைத் தொறந்திருக்கணும்” என்றார்.

அவள் கையை விலக்கிக்கொள்ளவில்லை. மறு கையால் கடிதத்தை அவர் பக்கம் நகர்த்தி, “இன்னொரு தடவ படிப்பீங்களா? மெதுவா. நான் மொபைல்ல ரெக்கார்ட் பண்ணிக்கிறேன்” என்றாள்.

பெரியம்மா மூன்று தடவை படித்தார். அவள் போட்ட பூரியைத் தின்றோம். பேச்சு எங்கெங்கோ போனது. அவள் மகனுடைய வேலை, பெரியம்மாவின் முழங்கால், விக்ரோலியில் தண்ணீர் வரும் நேரம். வெயில் தாழ்ந்த பிறகு ஆட்டோ பிடித்தோம். சிக்னல்களில் நின்று நின்று போனது. காட்கோபர் தாண்டுவதற்குள் பெரியம்மா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். வாய் லேசாகத் திறந்திருந்தது. வீடு வந்தும் எழுப்ப மனமில்லாமல், டிரைவரிடம் சொல்லி இன்னும் ஒரு சுற்றுப் போனோம்.