மருந்து பிடித்த இடம்

கல்கத்தாவின் பாலிகஞ்ச் பகுதியில், ஆய்வுக்கூடம் ஒன்றில் பதினொரு வருடமாக உதவியாளர், பன்னீர்செல்வம். 1974-இல் ஒரு மதியம் ஆராய்ச்சியாளர் சுந்தரி சலிப்போடு சொன்னார்: "மருந்து சேர்த்ததும் நொதி மந்தமாயிடுச்சு. கெட்டுப்போச்சுபோல, கொட்டிடுங்க."

பன்னீர்செல்வத்துக்கு மனம் வரவில்லை. மருந்தின் அளவை மாற்றாமல், நொதி உடைக்க வேண்டிய சர்க்கரையை மட்டும் குழாய்க்குக் குழாய் கூட்டிக்கொண்டே போனார். கடைசிக் குழாயில், மருந்தே சேர்க்காததுபோல வேகம் எழும்பியது.

"திதி," என்று வங்காள வழக்கப்படி அக்கா என அழைத்தார் பன்னீர்செல்வம். "நொதி கெடல. சர்க்கரை உட்கார்ற இடத்த மருந்து பிடிச்சுக்கிட்டிருந்திருக்கு. சர்க்கரை கூட்டமா வந்ததும் மருந்துக்கு இடம் கிடைக்கல."

சுந்தரி வரைபடம் போட்டுப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். கட்டுரை அச்சானபோது சுந்தரியின் பெயருக்கு அடுத்து பன்னீர்செல்வத்தின் பெயர் இருந்தது. அதை மனைவி பாப்பாவுக்கு மூன்று தடவை வாசித்துக் காட்டினார்.