கேப்பு போட்ட துப்பாக்கி

அறுபதுகளின் நடுவில் செஞ்சி தாலுகா ஆபீசில் துப்பாக்கி லைசென்ஸ் பதிவேடு என் மேசைக்கு வந்தது. வேலையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அங்கிருந்த ஒரே பெண் நான்தான். துப்பாக்கி என்றால் பயம் என்று சொன்னால் சிரிப்பார்களே என்று வாயை மூடிக்கொண்டேன்.

லைசென்ஸைப் புதுப்பிக்க வருகிறவர்கள் துப்பாக்கியையும் கொண்டுவர வேண்டும். பதிவேட்டில் இருப்பதும் கையில் இருப்பதும் ஒன்றுதானா என்று நான் பார்க்க வேண்டும். அடையாளங்களை ஹெட் கிளார்க் ஒரு தாளில் எழுதித் தந்திருந்தார். நடுவில் மடித்துப் பின்பக்கமாகத் தோட்டா போட்டால் பி.எல். குழலின் வாய் வழியாக மருந்தும் ரவையும் போட்டுக் கம்பியால் கெட்டித்தால் எம்.எல். குழல் வாயில் கட்டைவிரல் நுழைந்தால் அதன் அளவு பன்னிரண்டு போர். காலியாக இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி என்று அதில் இல்லை.

ஒரு நாள் காலை, வல்லம் பக்கத்து விவசாயி ஒருவர் சாக்கில் சுற்றிய துப்பாக்கியோடு வந்தார். கூட்டமான பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாராம். ஒற்றைக் குழல், எம்.எல். அதன் அடிக்கட்டையைத் தரையில் ஊன்றி நிறுத்தினேன். ஊன்றியபோது 'டக்'கென்று சத்தம் கேட்டது. குனிந்து குழல் வாயில் கட்டைவிரலை விட்டேன்.

"அசையாதம்மா," என்றார் அவர். குரலை உயர்த்தவே இல்லை. "அப்படியே இரு. கேப்பு இருக்குது."

அடிக்கும் குதிரைக்குக் கீழே செம்பு நிறத்தில் ஒரு துளி மின்னியது. அதுதான் கேப்பு. அதில் ஓர் அடி பட்டால் போதும், மருந்து பற்றிக்கொள்ளும். என் முகம் குழலுக்கு நேர் மேலே இருந்தது. விரலை எடுக்கக்கூடத் தெரியாமல் உறைந்து நின்றேன். அவர் மண்டியிட்டு, குதிரையை இரண்டு விரலால் மெல்லத் தூக்கி, நகத்தால் கேப்பைக் கிள்ளி எடுத்தார்.

"பையன் பன்னிக்குக் கெட்டிச்சு வெச்சிருக்கான். சத்தியமா எனக்குத் தெரியாதும்மா."

குழலுக்குள் கம்பியை விட்டுக் காட்டினார். அடிவரை போகாமல் நான்கு விரல் முன்னாலேயே நின்றது. பிறகு ஆபீசுக்குப் பின்னால் பாறைப் பக்கம் போய், திருகு முனைக் கம்பியால், அடைப்பாக வைத்திருந்த தேங்காய் நாரை இழுத்து, ரவையையும் கரிமருந்தையும் கொட்டினார். ஒரு கைப்பிடி இருந்தது.

இதை எழுதிவிடாதே, லைசென்ஸ் போய்விட்டால் வேர்க்கடலை முழுக்கப் பன்றிக்குத்தான் என்று கெஞ்சினார். நான் எழுதவில்லை. அது சரியா என்று இன்றும் தெரியாது. ஹெட் கிளார்க்கிடம் மட்டும் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. அந்தத் தாளை அவரும் எங்கிருந்தோ பார்த்து எழுதியதுதானாம். துப்பாக்கியை அவர் தொட்டதே இல்லையாம்.

மதியம் சோற்றில் கை வைத்தேன். கட்டைவிரலில் கந்தக வாடை. டப்பாவை மூடிவிட்டேன். மறுநாள் முதல், வருகிற ஒவ்வொருவரையும் வாசலிலேயே நிறுத்தி, கேப்பைப் பார்த்து, கம்பியை விட்டுக் காட்டச் சொன்னேன். பொம்பளைக்கு எவ்வளவு பயம் பார் என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.