புலியைப் பற்றிப் பேச வந்தவர்

அப்பா சேவை சங்கத்தின் செயலாளராக இருந்த அந்த ஒரு வருடம் முழுக்க, சனிக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பயம். ஊரில் டாக்டர், வக்கீல், கடை முதலாளி என்று முப்பது நாற்பது பேர் சேர்ந்து நடத்திய சங்கம் அது. கண் முகாம் போடுவார்கள். தையல் மிஷின் கொடுப்பார்கள். பள்ளிக்கூடங்களில் வேப்பங்கன்று நடுவார்கள், பெரும்பாலும் போன வருடம் நட்ட அதே குழியில். இவையெல்லாம் எப்போதாவதுதான். சனிக்கிழமைக் கூட்டம் மட்டும் வாராவாரம். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்து மாடி ஹாலில் ஆறரை மணிக்குக் கூடுவார்கள். சித்திரை வெயிலிலும் டை கட்டியிருப்பார்கள். தலைவர் பித்தளை மணியை அடிப்பார். பிறந்தநாள்காரருக்குக் கைதட்டுவார்கள். பிறகு சிறப்பு விருந்தினர் பேசுவார். அதைத் தாங்கிக்கொண்டவர்களுக்குப் பூரியும் கேசரியும் உண்டு.

அந்தச் சிறப்பு விருந்தினரைப் பிடித்துக் கொண்டுவருவது செயலாளரின் பொறுப்பு. மூன்று வாரமாக யாரும் வரவில்லை. ஒருவருக்குக் காய்ச்சல். இன்னொருவருக்கு மாற்றல். மூன்றாமவர் காரணம்கூடச் சொல்லவில்லை. அப்பா கல்லூரியில் கணக்கு வாத்தியார். வேறு வழியில்லாமல் மூன்று வாரமும் தானே எழுந்து பூஜ்ஜியத்தின் பெருமையைப் பற்றிப் பேசினார். மூன்றாவது வாரம் பூரி வாசனை வந்த பிறகுதான் உறுப்பினர்கள் மாடி ஏறினார்கள். தலைவராக இருந்த குழந்தை டாக்டர் அப்பாவின் தோளில் கைபோட்டு, அடுத்த வாரமும் பூஜ்ஜியம்தானா என்று அன்பாகக் கேட்டார். அப்பாவுக்கு அது போதும். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

நான்காவது வாரத்துக்கு ஒரு வழியாக, பாபநாசம் மலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற வனத்துறை அதிகாரி ஒருவர் கிடைத்தார். புலிகளைப் பற்றிப் பேசுவார், பஸ்ஸில் வந்து ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் இறங்குவார், பெரிய மீசை இருக்கும். அவரை அழைத்துவரும் வேலை மாமாவிடம் வந்தது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்களோடுதான் இருந்தார். டிவி, ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். சங்கத்துக்கு மைக் செட் கட்டுவதும் அவர்தான். மச்சினனை மாப்பிள்ளை என்று கூப்பிடும் வழக்கப்படி அப்பா அவரை 'மாப்பிள்ளை' என்றே கூப்பிடுவார். அதைக் கேட்டுக் கேட்டு சங்கத்தில் அத்தனை பேருக்கும் அவர் மாப்பிள்ளையாகிவிட்டார். முப்பது வயதாகியும் கல்யாணமாகாதவரை ஊரே மாப்பிள்ளை என்று கூப்பிடுகிறதே என்று அம்மாவுக்கு மட்டும் வருத்தம்.

புலிக்காரரைப் பார்க்க நானும் வருவேன் என்று அடம்பிடித்து ஸ்கூட்டரின் முன்னால் நின்றுகொண்டேன். எனக்கு ஒன்பது வயது. பாபநாசம் பஸ் வந்தது. முதலில் இறங்கிய மீசையிடம் மாமா ஓடினார்.

"சார், பாளையங்கோட்டையிலேருந்து வாரேன். எல்லாரும் உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்காவ."

அந்த மனிதர் மாமாவை உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை பார்த்தார். "நீங்களேவா வந்திய?"

"நான் வராம வேற யாரு சார் வருவா?"

அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. ஆனால் அவர் வனத்துறை அதிகாரி இல்லை. பாபநாசம் மலையடிவாரத்து வி.கே.புரத்தில் நூல் மில்லில் மேஸ்திரி. அவருடைய தங்கை மகளுக்குப் பாளையங்கோட்டையில் ஒரு வரன் வந்திருந்தது. பையனையும் வீட்டையும் பார்த்துவரத் தாய்மாமன் என்ற முறையில் புறப்பட்டு வந்திருந்தார். பஸ் ஸ்டாண்டுக்கு ஆள் அனுப்புவதாகப் பையன் வீட்டிலும் கடிதம் போட்டிருந்தார்கள். இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரியவந்தது. நிஜமான அதிகாரி அதே பஸ்ஸில் பின்வாசல் வழியாக, அதே அளவு மீசையோடு இறங்கிக்கொண்டிருந்தார்.

ஸ்கூட்டர் ஆற்றுப் பாலத்தில் ஏறியதும் மேஸ்திரி பின்னாலிருந்து விசாரிக்க ஆரம்பித்தார். சொந்தக் கடையா, வாடகையா? கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர்? புலியோடு பழகியவர்கள் இப்படித்தான் நேராகக் கேட்பார்கள் போல என்று மாமா நினைத்துக்கொண்டு பணிவாகப் பதில் சொன்னார்.

"தம்பி, தப்பா நெனைக்கக் கூடாது. தண்ணி உண்டா?"

"முன்னெல்லாம் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் சார். இப்பம் தெனமும் உண்டு."

"தெனமுமா!"

"காலைல ஆறு மணிக்கே வந்துரும் சார். வீட்ல எல்லாருமா எந்திரிச்சுப் பிடிச்சு வச்சுக்கிடுவோம்."

அதற்குப் பிறகு ஹால் வரும்வரை அவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

மாடியில் டை கட்டிய முப்பது பேர் எழுந்து நின்று வணக்கம் சொன்னதும் மனிதர் கொஞ்சம் ஆடிப்போனார். அப்பா ஓடிவந்து மாலை போட்டார். "எங்க மாப்பிள்ளையே நேர்ல வந்துட்டாரா, ரொம்ப சந்தோசம்" என்றார். மேஸ்திரி தலையாட்டினார். முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். மாமா மைக்கைச் சரிபார்க்கப் போய்விட்டார். பக்கத்து நாற்காலியில் நான்தான்.

"ஏளா, உங்க வீட்ல தெனமும் தண்ணி உண்டாமே?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஆமா. நான்தான் கொடத்துல பிடிப்பேன். மாமா தூக்கிட்டு வருவாரு."

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு உடம்பு குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தார். சிரித்து முடித்ததும் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உங்க மாமாவுக்குக் கோவம் வருமா?"

"வரும்."

"வந்தா என்ன செய்வாரு?"

இதை வெளியே யாரிடமும் சொல்லக் கூடாது என்று மாமா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். ஆனால் புலியைப் பார்த்த ஒருவரிடம் பொய் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. "வெளிய போயி ஸ்கூட்டரத் தொடைப்பாரு. ரொம்பக் கோவம்னா அப்பா சைக்கிளையும் சேத்துத் தொடைப்பாரு."

"கை நீட்டுவாரா?"

"யார?"

"உன்னைய. உங்க அம்மைய."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கரப்பான் பூச்சியக்கூட அடிக்க மாட்டாரு. தாள்ல ஏத்தி அங்கன வாசல்ல கொண்டு விட்டுட்டு வருவாரு."

அவர் அதோடு விடவில்லை. அம்மா திட்டினால் என்ன செய்வார், கடையில் நஷ்டம் வந்தால் என்ன செய்வார் என்று அதே கேள்வியையே வேறு வேறு மாதிரி கேட்டார். புலி எத்தனை அடி நீளம் என்று நான் கேட்க வாயெடுப்பதற்குள் டாக்டர் மணியை அடித்துவிட்டார்.

டாக்டர் வரவேற்புரையை வழக்கம்போல ஆங்கிலத்தில் பேசினார். அது முடிந்து எல்லாரும் கைதட்டி, மைக்கைத் தன் முன்னால் வைத்ததும், தன்னைத்தான் பேசச் சொல்கிறார்கள் என்று மேஸ்திரி புரிந்துகொண்டார். எழுந்து தொண்டையைச் செருமினார்.

"எங்க பிள்ளையப் பத்தி நானே சொல்லப்பிடாது. ரொம்ப அமைதியான பிள்ளை. பொறந்ததுலேருந்து என் மடியிலதான் வளந்தா."

உறுப்பினர்கள் நெகிழ்ந்துபோனார்கள். புலிக்குட்டியை மடியில் போட்டு வளர்த்திருக்கிறார்! நகைக்கடைக்காரர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"அதட்டிப் பேசத் தெரியாது. எது போட்டாலும் சாப்பிடுவா. புது எடத்துக்கு வந்தா மொத ரெண்டு நாளு மெரளத்தான் செய்வா. நீங்கதான் பைய பழக்கணும்."

எல்லாரும் தலையாட்டினார்கள்.

"டைப்ரைட்டிங்குல ஹையர் முடிச்சிருக்கா."

அப்பா பாதி எழுந்து, பாதி உட்கார்ந்து, நாற்காலிக்கு மேலே ஒரு முழம் உயரத்தில் அப்படியே நின்றார். "சார்… நீங்க வனத்துறைதான?" என்றார். மேஸ்திரி அப்பாவைப் பார்த்தார், சுவரில் தொங்கிய சங்கத்தின் பேனரைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். "அப்ப இவரு மாப்பிள்ளை இல்லையா?" என்று மைக்கிலேயே கேட்டார்.

முதலில் சிரித்தது டாக்டர். மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு மொத்த ஹாலும் சிரித்தது. ஸ்கூட்டரில் நடந்த தண்ணிப் பேச்சை மேஸ்திரி சொன்னபோது அப்பாவே உட்கார்ந்து சிரித்தார். மாமா மட்டும் மைக் ஒயரைக் கையில் சுற்றிக்கொண்டு, தலையைக் குனிந்து, "மன்னிச்சிருங்க அண்ணாச்சி, ஏந் தப்புதான்" என்றார்.

"வந்தது வந்துட்டிய. மில்லுல பஞ்சு எப்படி நூலாகுதுன்னு கொஞ்சம் சொல்லுங்க. பெறவு நானே கார்ல கொண்டு விடுதேன்" என்றார் டாக்டர். மேஸ்திரி இருபது நிமிடம் பேசினார். நூல் அறுந்தால் விரலால் எப்படிச் சேர்ப்பது என்று தன் மேல்துண்டிலிருந்து ஒரு இழையை உருவிக் காட்டினார். அந்த வருடம் முழுவதிலும் பூரியைத் தாமதமாகக் கொண்டுவரச் சொன்ன கூட்டம் அது ஒன்றுதான்.

பையன் வீட்டில் என்ன நடந்தது என்பதை அடுத்த சனிக்கிழமை நிஜமான அதிகாரியே வந்து சொன்னார். அவரை அங்கே பலகாரம், காபி என்று உபசரித்திருக்கிறார்கள். பெண்ணைப் பற்றிக் கேட்டதற்கு அவர், எனக்குப் பிள்ளைகளே கிடையாதே என்றிருக்கிறார். உடனே மாப்பிள்ளைப் பையன் எழுந்து, ஆள் மாற்றிக் கூட்டிவந்த தன் தம்பியை, கல்லூரியில் படிக்கும் பையனை, எல்லார் முன்னாலும் கன்னத்தில் அறைந்தானாம். டாக்டரின் கார் அந்த வாசலில் போய் நின்றதும் அந்த நேரம்தான். மேஸ்திரி படியேறாமல் நின்று பார்த்துவிட்டு, கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டாராம். இதைச் சொல்லிவிட்டுத்தான் அதிகாரி புலிக்கு வந்தார். புலி, அதற்குப் பிறகு, அவ்வளவாக எடுபடவில்லை.

எனக்கு வேறு கவலை. மாமாவின் ரகசியத்தை முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்லிவிட்டேன். ஒரு மாதம் கழித்து அதே மேஸ்திரி இன்னும் இரண்டு பேரோடு, தட்டில் பழமும் பூவுமாக எங்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது, என்னைப் பற்றிப் புகார் சொல்ல வந்திருக்கிறார் என்றே நினைத்தேன். கொல்லையில் துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். அம்மா தேடிக் கண்டுபிடித்து, அழுதுகொண்டே என்னை முத்தமிட்டாள். தண்டனை கொடுப்பதற்கு முன்னால் முத்தமும் உண்டு போல என்று இன்னும் பயந்தேன்.

உறவு, முறை எல்லாம் விசாரித்து ஒத்துவந்தது. வைகாசியில் வி.கே.புரத்தில் மாமாவுக்குக் கல்யாணம். சங்கத்தார் ஒரு வேன் பிடித்து டையோடு வந்தார்கள். டாக்டர் வாழ்த்திப் பேசும்போது, புலியைக் கூட்டிவரச் சொன்னால் எங்கள் மாப்பிள்ளை மாமனாரைக் கூட்டிவந்தார் என்றார். பெண்ணுக்குத் தாய்மாமன் என்று மேஸ்திரி திருத்தியதை யாரும் காதில் வாங்கவில்லை. புது அத்தை டைப்ரைட்டிங்கில் ஹையர் முடித்தவள் என்பதால் நான் அவளிடம் கொஞ்சம் மரியாதையாகவே நடந்துகொண்டேன்.

பந்தியில் எனக்குப் பரிமாறியது அத்தையின் அக்கா. அத்தையைப் போலவே முகம், இன்னும் அழகு. அவளுடைய மகன் என் வயது. காலையிலிருந்து அவனும் நானும்தான் பன்னீர்ச் செம்புக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். கல்யாண வீட்டில் எல்லாரும் கேட்பதுபோல நானும் பெரிய மனுஷியாக, "உங்க வீட்டு மாமா வரலியா?" என்று கேட்டேன்.

அவள் வாளியிலிருந்து ஒரு கரண்டி பாயசத்தை என் இலையில் ஊற்றினாள். இன்னொரு கரண்டியும் ஊற்றினாள். "நல்லா சாப்பிடுட்டி" என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டாள்.

படிப்பு, வேலை, வசதி எல்லாம் பார்த்து நடத்திய கல்யாணம் அவளுடையது. மூன்றாவது வருடம் ஒடிந்த கையில் மாவுக்கட்டோடும் இடுப்பில் பிள்ளையோடும் பஸ்ஸிலிருந்து தனியாக இறங்கினாளாம். அன்று அவளை அழைத்துவர பஸ் ஸ்டாண்டுக்குப் போனவர் மேஸ்திரிதான். இதை அத்தை எனக்குச் சொன்னது நான் கல்லூரிக்குப் போன பிறகு. கல்யாணத்தன்று எனக்கு இருந்த வருத்தமெல்லாம், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் பாயசத்தை ஊற்றுகிறாளே என்பதுதான். பாயசம் நன்றாக இருந்தது, அதனால் மறுபடி கேட்கவில்லை.